வண்டியின் அடிவயிற்றுக்கு ஒரு தகடு

நான் நர்ஸ். தூத்துக்குடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இனி மருந்தால் குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்கள்தான் எங்கள் நோயாளிகள். புண்ணைக் கழுவிக் கட்டுவது, குழாய் மாற்றுவது, வலி மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பது, கிளம்பும் முன் கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. இவ்வளவுதான் வேலை. ஆனால் இதைச் செய்ய முதலில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் பகுதியில் பாதிக் கஷ்டம் அதில்தான்.

தெற்கே புன்னைக்காயல் பக்கம் போனால் சக்கரம் மணலில் புதையும். மேற்கே கயத்தாறு தாண்டி உள்ளே போனால் பாறை. இரண்டுக்குமாகச் சேர்த்து எங்களிடம் ஒரு பழைய ஜீப்பு இருந்தது. மலைப்பாதைகளில் ஓட்டும் ஆசையில் ஒருவர் வாங்கி வைத்திருந்தது. முதுகு ஒத்துழைக்காமல் போனபோது எங்களுக்குக் கொடுத்துவிட்டார். நான்கு சக்கரமும் இழுக்கும். மிக உயரமான வண்டி. நான் புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறியதே அதில் ஏறி இறங்கிச் சலித்துப்போய்த்தான்.

அதை ஓட்டியவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். சாத்தான்குளத்துப் பக்கம் சொந்த ஊர். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று எங்களிடம் வந்து சேர்ந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, அதிகம் பேசமாட்டார். நோயாளியின் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே வந்து காப்பி குடிக்கச் சொன்னால், "இருக்கட்டும், வண்டி வெயில்ல நிக்கு" என்பார். வெயிலில் நிற்கும் வண்டிக்கு அவர் என்ன செய்துவிட முடியும் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த மேற்குப் பகுதியில், ஒரு கற்குன்றின் மேல் ஏழெட்டு வீடுகள். எல்லாரும் ஆடு வளர்ப்பவர்கள். அதில் ஒரு வீட்டில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். கர்ப்பப்பையில் புற்று. கண்டுபிடித்தபோதே முதுகெலும்பு வரை பரவியிருந்தது. நாங்கள் முதன்முதலாகப் போன அன்று கட்டிலில் படுத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தூத்துக்குடியிலேருந்தா வாரிய?"

"ஆமாக்கா."

"அம்புட்டுத் தூரம் வாரிய, மாத்திரைதான் கொண்டு வாரிய. ஒரு துண்டு மீனு கொண்டு வரத் தோணலியே."

அவள் புருஷன் சங்கடத்தோடு, "ஏளா, சும்மா கெட" என்றான். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதன். அடுத்த முறை நான் சீலா மீன் வறுத்து டப்பாவில் கொண்டுபோனேன். அவளால் ஒரு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. அந்த ஒரு வாயைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள். மிச்சத்தைப் புருஷனிடம் கொடுத்து, "அண்ணாச்சிக்கும் ஒரு துண்டு வெளிய குடு" என்றாள். அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். பிறர் வீட்டில் அவர் எதையாவது வாங்கிச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

கார்த்திகை, மார்கழியில் நல்ல மழை. குன்றுக்குப் போகும் பாதை நடுவில் ஓர் ஓடையைக் கடக்கும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பாதையில் பாதி இடத்தில் மண்ணே இல்லை. எலும்பு தெரிவதுபோலப் பாறை தெரிந்தது. அண்ணாச்சி அதில் ஒரு சக்கரத்தை ஏற்றி, மறு சக்கரத்தை இறக்கி, வண்டியை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போவார். அந்த இடத்தில் நாங்கள் இருவரும் பேசமாட்டோம்.

தையில் ஒருநாள் காலை அவள் புருஷன் போன் செய்தான். குன்றின் ஒரு விளிம்பில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். காற்று இரைந்தது.

"சிஸ்டர், நேத்துலேருந்து மாத்திர முழுங்க மாட்டேங்கா. துப்பிருதா. கத்துதா சிஸ்டர். என்ன செய்யதுன்னு தெரியல."

டாக்டரிடம் கேட்டு, தோலுக்கடியில் போடும் வலி ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அண்ணாச்சி வழக்கத்தைவிட வேகமாக ஓட்டவில்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். ஓடையில் இறங்கும்போதும் எப்போதும்போல முதல் கியரில்தான் இறங்கினார். ஆனால் முந்தின வாரம் வரை மண்ணுக்குள் இருந்த ஒரு கல், இப்போது முனையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. முன்சக்கரம் அதன் பக்கத்தில் இருந்த குழியில் இறங்கியது. என் இருக்கைக்குக் கீழே இரும்பு உடையும் சத்தம் கேட்டது. உள்ளங்காலில் அந்த அதிர்வை உணர்ந்தேன்.

அண்ணாச்சி உடனே இன்ஜினை நிறுத்தினார். இறங்கிக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பாக ஆயில் கொட்டிப் பாறை இடுக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆயில் சம்ப் ஒடைஞ்சு போச்சு" என்றார், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைக் காட்டி. "இனி ஸ்டார்ட் பண்ணா இன்ஜினே போயிரும்."

பிறகு எழுந்து என் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நடங்க சிஸ்டர்."

இன்னும் பாதி வழி இருந்தது. ஏற்றம். உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உடைமர நிழல்கூட இல்லை. அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. குன்றின் மேல் வீடுகள் தெரிய ஆரம்பித்த இடத்திலேயே சத்தம் கேட்டது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. தொண்டை அடைத்துப்போன பிறகும் வெளியே வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று. நாங்கள் ஓடினோம்.

புருஷன் அவளை மடியில் போட்டு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் ஊசியைப் போட்டேன். உடனே கேட்காது, கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நெற்றிச் சுருக்கம் விட்டது. அண்ணாச்சி வெளியே பானையிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து, எனக்குக் கொடுப்பதற்காக வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வண்டி வரலியா? காலையிலேருந்து காதக் குடுத்துக்கிட்டே கெடந்தேன். சத்தமே கேக்கல."

"வண்டி கீழ நிக்குக்கா. நாங்க நடந்து வந்தோம்" என்றேன்.

"நடந்தா?" என்று கேட்டுவிட்டு உறங்கிப்போனாள். திரும்பிப் பார்த்தேன். வாசலில் தண்ணீர்ச் செம்பு மட்டும் இருந்தது.

அடுத்த வேளை ஊசியை எப்படிப் போடுவது என்று புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு டிராக்டர் பிடித்து வண்டியைக் கட்டி இழுத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் விடியும்போது அவள் இறந்துவிட்டாள் என்று போன் வந்தது. உறக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னான்.

அண்ணாச்சி அன்று டாக்டரின் மேஜையில் வண்டிச் சாவியை வைத்தார்.

"வேற ஆளப் பாத்துக்கிடுங்க சார்."

"மண்ணுக்குள்ள இருந்த கல்லு அண்ணாச்சி. யாரு ஓட்டியிருந்தாலும் இடிச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

"இருக்கலாம் சார். ஆனா நாந்தான ஓட்டுனேன்."

டாக்டர் சாவியைத் தொடவில்லை. அன்று பூராவும் அது மேஜையிலேயே கிடந்தது. சாயங்காலம் அண்ணாச்சி திரும்பி வந்தார். "வண்டிக்கு அடியில தகடு போட்டாத்தான் இனி அந்தப் பக்கம் ஓட்டுவேன்" என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே அடித்தகடு விற்கிறார்கள். ஸ்கிட் பிளேட் என்று பெயர். கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர்கள் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் மாட்டிக்கொள்வது. ஆனால் எங்கள் வண்டி பழைய மாடல். அதற்குப் பொருந்துவது எங்கும் கிடைக்கவில்லை. செய்துதான் போட வேண்டும். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் விசைப்படகுகளுக்கு வேலை செய்யும் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வண்டி போனது. பட்டறைக்காரர் அண்ணாச்சிக்குப் பழக்கமானவர், கடற்கரை ஊர்க்காரர், சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார்.

வண்டி இல்லாததால் எனக்கு வெளிவேலை குறைந்திருந்தது. பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்களை நடந்தே பார்த்துவிட்டுப் பிற்பகலில் பட்டறைக்குப் போவேன். அண்ணாச்சி எப்படியிருக்கிறார் என்று பார்க்கத்தான் முதலில் போனேன். அப்புறம் அந்த வேலையே என்னைப் பிடித்துக்கொண்டது.

வண்டியை நான்கு பக்கமும் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இத்தனை வருஷம் உட்கார்ந்து போன வண்டியின் அடிப்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். சம்ப், கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க் எல்லாம் அப்படி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. மேலே பெயின்ட், கண்ணாடி, கம்பி என்று அத்தனை பாதுகாப்பு. கீழே ஒன்றுமே இல்லை. ஓடைக்கல் உரசிய கோடுகள் எங்கும் இருந்தன. எத்தனையோ தடவை மயிரிழையில் தப்பியிருக்கிறோம்.

முதலில் மீன் ஏற்றுமதிக்கு வரும் அட்டைப்பெட்டிகளை வெட்டி அளவு எடுத்தார்கள். அண்ணாச்சி மல்லாந்து படுத்து அட்டையைப் பிடிக்க, பட்டறைக்காரர் பென்சிலால் ஓட்டைகளைக் குறித்தார். டார்ச் அடித்தது நான். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே போல்ட் வர வேண்டும், கியர்பாக்ஸில் எதையும் மாட்டக் கூடாது, அடி விழுந்தால் அது சேஸிஸுக்குத்தான் போக வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. தகட்டின் கனத்தில்தான் தகராறு வந்தது.

"எட்டு எம்எம் போடும்" என்றார் அண்ணாச்சி.

"வண்டிக்கா, கப்பலுக்கா? நாலு போதும் அண்ணாச்சி. ரெண்டு இடத்துல மடிச்சு, உள்ள பட்டை வச்சா நிக்கும்."

"நெளிஞ்சுட்டா?"

"நெளிஞ்சா நெளியட்டும். அதுக்குத்தான தகடு? எட்டு போட்டா பாரத்துல முன்பக்கம் எறங்கிரும். இப்ப இடிக்காத கல்லுகூட அப்ப இடிக்கும்."

அதற்கு அண்ணாச்சி ஒருவழியாகச் சம்மதித்தார். மறுநாள் வேறொன்று ஆரம்பித்தது. முன்னாலிருந்து பின்னால் வரை ஓர் இடம்கூட விடாமல் மூட வேண்டும் என்றார். பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை என்று கண்டதும் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

"எல்லாத்தையும் மூடிட்டா சூடு எங்கன போவும்? ரேடியேட்டர் காத்து எங்கன போவும்? உம்ம பயத்துக்கு நான் வண்டியப் பொட்டிக்குள்ள வச்சு அடைக்க முடியுமா?"

அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் படகுகள் நிற்கும் பக்கம் பார்த்து நின்றார். பட்டறைக்காரருக்கு விஷயம் தெரியாது. நான் சொன்னேன். அவர் வெகுநேரம் கையிலிருந்த உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அதற்குப் பிறகு அவர் குரல் தணிந்துவிட்டது. "அண்ணாச்சி, மூணு துண்டாப் போடுவோம்" என்று கூப்பிட்டார். "சம்ப்புக்கு ஒண்ணு, கியர்பாக்ஸுக்கு ஒண்ணு, டேங்குக்கு ஒண்ணு. நடுவுல காத்துப் போக வெட்டு விடுதேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க, சரியில்லன்னா மாத்துவோம்."

அப்படித்தான் செய்தார்கள். ஆயில் மாற்றும்போது தகட்டைக் கழற்ற வேண்டியதில்லாமல் நேர் கீழே ஒரு துளை. முன் தகட்டின் விளிம்பு அடுத்த தகட்டின் விளிம்பைக் கீழிருந்து மூடும்படி, ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று. கல் எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போக. போல்ட் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாறை அவற்றைச் சீவிவிடும் என்று, அவை பதிந்து உட்கார ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கிண்ணம்போலக் குழித்தார் பட்டறைக்காரர். எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்த இரும்பும் நிற்காது. படகுக்கு அடிக்கும் பெயின்டையே இருபுறமும் அடித்துக் காயவைத்தார்கள்.

தகடு மாட்டும் நாள் காலையில் அந்தப் பெண்ணின் புருஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தலையை மொட்டையடித்திருந்தான். நாங்கள் கொடுத்திருந்த காற்று மெத்தையைக் கழுவி, மடித்து, துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். மிச்ச மாத்திரைகளையும் திருப்பிக் கொடுத்தான். நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி எங்க சிஸ்டர்?" என்று கேட்டான்.

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் பட்டறைக்குள் நுழைந்ததை அண்ணாச்சி வண்டிக்கு அடியிலிருந்தபடியே பார்த்திருக்க வேண்டும். வெளியே வரவில்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரிந்தது. ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது.

அவன் அண்ணாச்சியின் கால்களருகே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி."

கால்கள் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டன.

"அண்ணாச்சி, நான் மலையிலேருந்து வாரேன்."

"தெரியுது தம்பி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, "நேரத்துக்கு வர முடியல தம்பி" என்றார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீங்க வந்ததுக்கு முந்துன ராத்திரி நான் வீட்டுக்குள்ளயே இருக்கல அண்ணாச்சி. அவ கத்துதத கேக்க முடியாம ஆட்டுக் கெடையில போயி உக்காந்துட்டேன். அவ புருஷன், நானே ஓடிட்டேன். நீங்க அந்த வெயில்ல நடந்து வந்திய. உங்களுக்கு மூச்சு வாங்குனத நான் பாத்தேன்லா."

பட்டறைக்காரர் கைவேலையை வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அப்புறம் அவன் சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தான். மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து வண்டிக்கு அடியில் போனான்.

"எத பிடிக்கணும்?"

அண்ணாச்சி எதையோ காட்டியிருக்க வேண்டும். அந்த முன்தகட்டை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர்தான் போல்ட்டை முடுக்க முடியும். அதுவரை அவர் ஜாக்கியை வைத்து ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்தார். நான் ஓரமாகக் குனிந்து டார்ச் அடித்தேன். அவன் இரண்டு உள்ளங்கைகளாலும் தகட்டை ஏந்தியிருந்தான். அண்ணாச்சியின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. ஒவ்வொரு போல்ட்டாக விரலால் ஏற்றி, எல்லாம் உட்கார்ந்த பிறகு குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினார். "இன்னுங் கொஞ்சம் மேல" என்பார். அவன் தூக்குவான். மூன்று தகடுகளும் ஏறி முடிய மத்தியானமாகிவிட்டது. இருவரும் எண்ணெயும் துருவுமாக வெளியே வந்தார்கள். பட்டறைக்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. நால்வரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பஸ் ஏற்றிவிட அண்ணாச்சியே அவனோடு நடந்து போனார்.

பங்குனியில் அந்தக் குன்றிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. வேறு வீடு. வாயில் புற்று வந்த ஒரு பெரியவர். ஓடை அப்படியேதான் இருந்தது. காய்ந்து, இன்னும் கூர்மையாக. அண்ணாச்சி இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து முதல் கியரைப் போட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். குழியில் சக்கரம் இறங்கியது. கீழே இடித்தது. பிறகு நீளமாக ஓர் உரசல், பல்லைக் கூச வைக்கும் சத்தம். வண்டி வழுக்கிக்கொண்டு முன்னே போய் மறுகரை ஏறியது. மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் படுத்து அடியில் பார்த்தார். கையை விட்டுத் தடவி, விரல்களை வெளிச்சத்தில் பிடித்தார். வெறும் மண்தான்.

"பெயின்ட் போயிருக்கு" என்றார்.

பெரியவரின் வீடு அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவளுடைய புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தான், பார்க்க முடியவில்லை. பெரியவரால் பேச முடியாது, துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். புண்ணைச் சுத்தம் செய்து, மருந்தைக் கரைத்துக் குழாயில் கொடுக்க மகளுக்குக் காட்டிக்கொடுத்தேன். வெளியே வந்தபோது அண்ணாச்சி வழக்கம்போல கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஓடை தாண்டிச் சமதரைக்கு வந்த பிறகு திடீரென்று கேட்டார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கேன். அந்த ஊசி போட்டா வலி நெசமாவே போயிருமா? இல்ல, வலி உள்ள இருக்கும், கத்தத்தான் முடியாமப் போயிருமா?"

அன்று அவர் வாசலுக்கு வெளியே நின்றவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓலம் கேட்டிருக்கிறார், பிறகு அது நின்றதைக் கேட்டிருக்கிறார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் இதை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"போயிரும் அண்ணாச்சி" என்றேன். "எல்லாருக்கும் முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். அவங்களுக்குப் போச்சு. நெத்திச் சுருக்கம் விட்டுச்சு. என் கையப் பிடிச்சிருந்த பிடியத் தானாவே விட்டாங்க. வலி இருந்தா அப்படி விட மாட்டாங்க."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கயத்தாறு வந்து நெடுஞ்சாலையில் ஏறினோம். அங்கே ஒரு கடையின் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"டீ குடிப்போமா சிஸ்டர்?" என்றார்.

இறங்கினோம்.